கேளுங்கள், சொல்கிறேன்: போர்க்கப்பலில் ஒரு பாதிரியார்

கேள்வி: பாகியன் என்ற சீனப் பிக்கு அநுராதபுரம் வந்ததைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அவருடைய பயணக் குறிப்பை ஆங்கிலத்தில் தந்தவர் ஒரு கடற்படைப் பாதிரியார் என்கிறார் என் மாமா. நம்பலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக நம்பலாம். அந்தப் பாதிரியார் சாமுவேல் பீல். 1825இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துக் குருவானார். 1856இல் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் மூண்ட இரண்டாம் அபினிப் போரின்போது ‘சிபில்’ என்ற போர்க்கப்பலில் சீனக் கடலில் பணியாற்றினார். பீரங்கிகளுக்கு நடுவே ஜெபப் புத்தகம்! அந்தப் போரின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதில் போனவர்களில் எத்தனை பேர் எதிரியின் மொழியில் தேர்ந்து, அவன் வணங்கும் நூல்களை உட்கார்ந்து படித்தார்கள்? பீல் படித்தார்.

1869இல் பாகியனின் குறிப்பைச் சீனத்திலிருந்து நேரே ஆங்கிலமாக்கினார். அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தது பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தக் குறிப்பில் ஓர் இடம்: அநுராதபுரத்தில் பச்சைக்கல் புத்தர் சிலைக்கு முன் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைக்கிறான். ஊரை விட்டுப் பல ஆண்டுகளான பாகியன் அதைப் பார்த்துக் கண் கலங்குகிறார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வெள்ளவத்தைக்காரருக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1877இல் பீல் கடற்படையை விட்டு, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சீனப் பேராசிரியரானார். நம் கொழும்பு நூதனசாலை திறந்ததும் அதே ஆண்டுதான். 1889இல் காலமானார்.

கேள்வி: போர்க்கப்பலில் பாதிரியாருக்கு என்ன வேலை?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஞாயிறு வழிபாடு, நோயாளிகளுக்கு ஆறுதல், இறந்தவர்களைக் கடலில் அடக்கம் செய்யும் ஜெபம். அக்காலத்தில் பலர் கப்பலிலிருந்த இளைஞர்களுக்குப் பாடமும் நடத்தினார்கள்.

கேள்வி: அவரால் தமிழருக்கு ஏதாவது பயன் உண்டா?
– அதே வாசகர்

பதில்: உண்டு. யுவான் சுவாங் என்ற இன்னொரு சீனப் பிக்குவின் பயண நூலை 1884இல் இரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் பீல்தான். 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சிபுரம் அதில் இருக்கிறது: நூறளவு பௌத்த விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள், கல்வியை மதிக்கும் மக்கள். காஞ்சி என்றால் கோயிலும் பட்டும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பீலின் பெயர்ப்பில் பிழைகள் உண்டு. அவர் காலத்திலேயே சீனமொழி அறிஞரான ஆங்கிலேயர் கைல்ஸ் கடுமையாகச் சாடினார். ஆகவே ஊர்ப்பெயர்களை, யுவான் சுவாங்கின் பயணத்துக்கு வாட்டர்ஸ் என்பவர் எழுதிய விளக்கநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யுவான் சுவாங் நூலின் பத்தாம் அத்தியாயத்தில் காஞ்சி வருகிறது. பதினோராவது இலங்கையில் தொடங்குகிறது. ஆனால் யுவான் சுவாங் இந்தத் தீவில் கால் வைக்கவேயில்லை. அங்குள்ள சிங்கக் கதையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டு எழுதியது.