கேள்வி – பதில்: மூன்று கணக்குகளில் எதை நம்புவது?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கான கடந்தகால வினாத்தாள்களைத் தொகுத்து, நண்பர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை உருவாக்கி ஒரு மாதம் விளம்பரம் செய்தோம். விளம்பரத்தைப் பொறுப்பேற்ற நிறுவனம், தன் மூலம் 640 பேர் செயலியை நிறுவியதாகக் கூறிப் பணம் கேட்கிறது. கூகுள் பிளே கணக்கிலோ எல்லா வழிகளாலும் வந்தவர்கள் 590 பேர்தான். செயலியில் நாங்கள் இணைத்த கண்காணிப்பு மென்பொருள், விளம்பரத்தால் வந்தவர்கள் 410 பேர் என்கிறது. எதற்குப் பணம் கொடுப்பது? அடுத்து ஐபோன் பதிப்பும் வெளியிட இருக்கிறோம்.
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: இம்மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகளை எண்ணுகின்றன. பிளே, செயலி கைபேசியில் நிறுவப்பட்டதையே எண்ணுகிறது. கண்காணிப்பு மென்பொருளோ அதை முதன்முறை திறக்கும்போதுதான் எண்ணும். இரவு நேர டேட்டாவில் இறக்கி வைத்துவிட்டுத் திறக்க மறந்த மாணவர் முன்னதில் இருப்பார், பின்னதில் இருக்கமாட்டார். பிளேயின் நாள் பசிபிக் நேரப்படி, அதாவது நமக்கு நண்பகல் 12.30 அல்லது 1.30 மணிக்குத் தொடங்குவதால் நாளாந்தக் கணக்கும் ஒத்துவராது. மாதக் கணக்கில் அது பெரிய விடயமன்று.

விளம்பர நிறுவனத்தின் எண்தான் கேள்விக்குரியது. எல்லா வழிகளும் சேர்ந்த தொகையை ஒரு வழியின் தொகை மிஞ்சுவதற்கு அவர்கள் விளக்கம் தரவேண்டும். விளம்பரத்தைத் தொடாமல் பார்த்தவரையும், மூன்று வாரங்களுக்கு முன் தொட்டுவிட்டுப் பின்னர் ரியூசன் ஆசிரியர் சொல்லி நிறுவியவரையும் அவர்கள் தம் கணக்கில் சேர்த்திருக்கலாம். கூகுள் விளம்பரங்களிலேயே, வேறாக மாற்றாவிட்டால், தொட்ட நாளிலிருந்து 30 நாட்கள் வரை நடக்கும் நிறுவல் அந்த விளம்பரத்தின் கணக்கிலேயே சேரும். ஒரே மாணவரை இரண்டு விளம்பர வலையமைப்புகள் (பல செயலிகளிலும் தளங்களிலும் விளம்பரம் காட்டும் நிறுவனங்கள்) தத்தமக்கென எண்ணுவதும் உண்டு.

மோசடியையும் சோதித்துப் பாருங்கள். கைபேசியில் ஏற்கனவே இருக்கும் தீய செயலி, புதிய செயலி ஒன்று இறங்குவதை அறிந்து, விளம்பரம் தொடப்பட்டதாகப் பொய்த் தகவல் அனுப்பும். தானாக வந்தவருக்கும் நீங்கள் பணம் கட்ட நேரும். பிளேயின் இன்ஸ்டால் ரெஃபரர் வசதி, விளம்பரம் தொடப்பட்ட நேரத்தையும் நிறுவல் தொடங்கிய நேரத்தையும் தனித்தனியே தருகிறது. தொட்ட நேரம் நிறுவல் தொடங்கியதற்குப் பிந்தியிருந்தால் அது பொய்யென்றே கொள்ளலாம். எனவே 640 பேருக்கும் இவ்விரு நேரங்கள் அடங்கிய மூலப் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால், 640 என்ற எண்ணை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பந்தத்தில் 'நிறுவல்' எது என்று எழுதியிருந்தால் அதுவே அளவுகோல். எழுதாவிட்டால், 410 பேரின் பதிவுகளை மேற்சொன்னவாறு சோதித்து, எஞ்சியவர்களுக்குப் பணம் கொடுப்பதே நியாயம். அடுத்த முறை, செயலியின் முதல் திறப்பையே 'நிறுவல்' என எண்ணுவதையும், விளம்பரத்தைத் தொட்டு எத்தனை நாட்களுக்குள் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். நிறுவியவர்களில் எத்தனை பேர் ஏழாம் நாளும் வினாத்தாள் திறந்தார்கள் என்பதையும் பாருங்கள். மாணவருக்குப் பயன்பட்டதா என்பது அதில்தான் தெரியும்.

ஐபோனில் நிலைமை வேறு. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பயனரின் அனுமதியின்றி அவரைப் பிற நிறுவனங்களின் செயலிகளில் பின்தொடர முடியாது. ஆப்பிளின் எஸ்கேஅட்நெட்வொர்க் என்ற விளம்பரக் கணிப்பு வசதி, எந்த விளம்பரம் பலன் தந்தது என்பதை, ஆள் யாரென்று காட்டாமல், ஒரு நாளாவது தாமதித்தே அறிவிக்கும். நிறுவுவோர் குறைவாக இருந்தால் விவரங்கள் மறைக்கப்படும். ஆகவே சிறு தொகையைப் பல விளம்பரங்களாகப் பிரிக்காமல் ஒன்றிலேயே செலவிடுங்கள்.