பாதியாக வந்த பணம்

கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் கேஷ்லெஸ் என்றால் கையிலிருந்து ஒரு பைசா கட்ட வேண்டாம்தானே? — வாடிப்பட்டி வாசகர்

பதில்: கட்ட வேண்டும். கையுறை, பதிவுக் கட்டணம், கூட வந்தவர் தின்ற இட்லி எல்லாம் உங்கள் கணக்கு.

கேள்வி: மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பாலிசி 3 லட்சம். பில் 1,34,000 வந்தது, கம்பெனி 67,000தான் கொடுத்தது. கேட்டால் ‘புரோபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ என்கிறார்கள். பில் நகல் இணைத்துள்ளேன். — அனுப்பானடி வாசகர்

பதில்: மதுரை விளக்குத்தூணில் சேலைக்கு இருபது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்கிற ஊர் இது. ஆஸ்பத்திரியில் ‘ஏசி ரூமா, டீலக்ஸா’ என்று கேட்டால் மட்டும் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு இதில் நெடுநாள் எரிச்சல்.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. நீங்கள் எடுத்த அறை 6,000. நாலு நாளைக்கு 12,000தானே போகும் என்று நினைத்திருப்பீர்கள். அங்கேதான் அவர்கள் சொன்ன விகிதாசார வெட்டு. பெரிய அறைக்குப் போனால் பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாமே கூடும். அதனால் தகுதிக்கு இரண்டு மடங்கு அறை எடுத்தவருக்கு அந்தச் செலவும், உங்கள் பில்லில் 80,000, பாதியாகிவிடும்.

ஆனால் உங்கள் பில்லில் இன்னொன்று இருக்கிறது. மருந்துக்கு 30,000. அதையும் பாதியாக்கிவிட்டார்கள்! மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்துவது), டெஸ்ட் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஐசியு கட்டணத்துக்கும் கூடாது. ஆக, அறைக்கு 12,000, டாக்டர் ஃபீஸ் வகையறாவுக்கு 40,000, மருந்துக்கு 30,000 சேர்ந்து 82,000 வந்திருக்க வேண்டும். மீதி 15,000-ஐ எழுதிக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் எந்த அறையானாலும் ஒரே ஃபீஸ்தான் என்றால் அந்த 80,000-இலும் கைவைக்க முடியாது. ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் அதை எழுதி வாங்க முடியுமா பாருங்கள்.

கேள்வி: 10 லட்சம் டாப்-அப் பாலிசி மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டும் எடுக்கலாமா? — திருமங்கலம் வாசகி

பதில்: நான் எடுத்தேன். மலிவு என்று பெருமையடித்தேன். பித்தப்பைக் கல்லுக்கு 85,000 பில் வந்தபோதுதான் ‘டிடக்டிபிள் 3 லட்சம்’ என்ற வரி கண்ணில் பட்டது. அந்த 3 லட்சத்தைத் தாண்டினால்தான் அவர்கள் கணக்கே ஆரம்பமாகும். முழு 85,000-மும் என் கையிலிருந்து போயிற்று. முதலில் அடிப்படை பாலிசி எடுங்கள் அம்மா.

கேள்வி: பாலிசி எடுத்து ஐந்து மாதம். எனக்குச் சுகர் உண்டு, ஏஜெண்ட் எழுத வேண்டாம் என்றார். இன்னும் கவரைப் பிரிக்கவில்லை. — உசிலம்பட்டி வாசகர்

பதில்: பிரியுங்கள். படித்துப் பார்த்துத் திருப்பித் தர 30 நாள் இருந்தது, போய்விட்டது. சுகரைப் பற்றி இன்றே கம்பெனிக்கு எழுதுங்கள். பழைய நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைத்தது பிறகு தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். ஏஜெண்ட் அன்று ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.

கேள்வி: ஏழு வருஷமாக விடாமல் பிரீமியம் கட்டினோம். அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது, ‘பிரஷர் இருந்ததைச் சொல்லவில்லை’ என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். ஏஜெண்டிடம் சொல்லியிருந்தோம், படிவத்தை அவரேதான் நிரப்பினார். — மேலூர் வாசகி

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது அம்மா, விடாதீர்கள். ‘மொராட்டோரியம்’ என்று ஒன்று உண்டு. தொடர்ந்து 5 வருஷம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய ‘சொல்லவில்லை’ என்று மறுக்க முடியாது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். எழுதச் சிரமமாக இருந்தால் பாலிசி, மறுப்புக் கடிதம் இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். நானே எழுதித் தருகிறேன்.