அண்ணி ஏன் பேசவில்லை?

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து ஆகஸ்டில் இரண்டு குடும்பமாக ஒன்பது பேர் முல்லைத்தீவுக்கு வருகிறோம். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைக்க ஆசை. அண்ணாவிடம் சொந்தப் படகு இருப்பதால் செலவு இல்லை. அந்தக் கிழமை முழுவதும் தொழிலுக்குப் போகாமல் எங்களோடு நிற்பதாகச் சொல்லிவிட்டார். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் புறப்படலாம்? வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கனடா

பதில்: தம்பி, நேரமும் வாந்தியும் கிடக்கட்டும். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, ஏன் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா?

கடற்றொழில் செய்யும் வீட்டில் கணக்கு பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான். படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க் கடன், வலைக்கு வாங்கிய முற்பணம், சீட்டுக்காசு எல்லாம் அவருக்கு மனப்பாடம். உங்களுக்கு ஆகஸ்ட் விடுமுறை மாதம். முல்லைத்தீவுக்கு அது தொழில் மாதம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கடல் இடம் கொடுக்கும். அதனால்தான் மேற்குக் கரைத் தொழிலாளர்கள்கூட முல்லைத்தீவுப் பக்கத்துக் கொக்கிளாய், நாயாறு என்று வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுகிறார்கள். மாரி தொடங்கினால் படகு நாள்கணக்கில் கரையில் கிடக்கும். அந்த நாட்களின் அரிசியும் பிள்ளைகளின் கொப்பிக் காசும் இப்போது பிடிக்கும் மீனில்தான் இருக்கின்றன. அதில் ஒரு கிழமையை எடுத்துக்கொண்டு ‘செலவு இல்லை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இன்னொருவரும் இருக்கிறார். அண்ணாவோடு கடலுக்குப் போகும் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் இல்லாத நாளில் பங்கும் இல்லை. அவர் வீட்டு அடுப்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது அந்த வீடுகள் எப்படிச் சமாளித்தன என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே கேளுங்கள், அண்ணா பக்கத்தில் இல்லாத நேரமாக.

காசு கொடுத்தால் அண்ணா வாங்கமாட்டார் என்பீர்கள். வாங்கத்தான் மாட்டார். வெளிநாட்டுத் தம்பியிடம் படகுக்கூலி வாங்கினார் என்று ஊர் பேசுமே! ஆகவே அண்ணியின் கையில் கொடுங்கள். எண்ணெய்க்கும் கூடப் போகிறவரின் பங்குக்கும் வீட்டின் இழப்புக்கும் சேர்த்து, படகு இறங்குவதற்கு முன்பே. கனடா திரும்பும்போது உறையில் வைத்துத் திணிப்பது அன்பளிப்பு, இது கடன். கூடப்பிறந்தவர்களிடையே கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாங்குகிற பக்கத்தில்தான் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், கூடப்பிறந்தவரின் கணக்கைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். மற்றவர்கள் கேட்டு வாங்கிவிடுவார்கள், அவர் கேட்கமாட்டார்.

ஒரு கிழமையும் வேண்டாம், ஒரு காலை போதும். மற்ற நாட்களில் அண்ணா தொழிலுக்குப் போகட்டும். படகு கரைக்கு வரும் நேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வலையில் மீன் கழற்ற விடுங்கள். கையில் முள் குத்தினால் குத்தட்டும். பெரியப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஒன்பது பேரையும் ஒரே தடவையில் ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அண்ணாவுடையது வழக்கமான 18 அடி ஃபைபர் படகாகத்தான் இருக்கும். தொழிலாளர் இருவரைத் தவிர மூன்று பேர் போதும், முறை வைத்துப் போங்கள். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், நீச்சல் தெரியும் என்று பெருமை பேசும் பெரியவர்களுக்கும். விடியுமுன் புறப்பட்டு, காற்று எழும்புவதற்கு முன் ஒன்பது மணியளவில் கரைக்கு வந்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், இரண்டு துண்டு பாண் கொடுங்கள். குனிந்து போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்திக் குளிசை கொடுப்பதானால் பிள்ளைகளின் வயதைச் சொல்லி அங்கேயே வைத்தியரிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.