நீராவி வந்ததும் மந்திரவாதிக்கு வேலை போய்விட்டதா?

உங்கள் நாவலில் மந்திரத்தைப் பலவீனமாக்காதீர்கள், அதற்கும் சர்க்கரை ஆலைக்கும் ஒரே எரிபொருளை வையுங்கள். நீராவி எந்திரம் வந்தபின் மந்திரவாதிக்கு வேலையில்லாமல் நாவலின் இரண்டாம் பாகம் எழுத முடியாமல் நின்றுவிட்டது என்கிறீர்கள். முதல் பாகத்தில் மந்திரம் சும்மா கிடைத்ததுதான் காரணமாக இருக்கும்.

நம் மொரீஷியஸ் ஆலைகளில் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கையைத்தானே எரிக்கிறோம்? மந்திரத்துக்கும் அதே சக்கைத் தீதான் வேண்டுமென்று வைத்தால், சக்கை போதாத நேரத்தில் ஆலைக்காரரும் மந்திரவாதியும் மோதியே ஆக வேண்டும். அப்புறம், 1864ல் ரயில் வந்தபின் சிறிய ஆலைகள் படிப்படியாக மூடி, கரும்பு பெரிய ஆலைகளுக்குப் போனதே, அதையும் கதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்க: ஒரு காட்சியில் மந்திரத்துக்குப் பதில் எந்திரத்தை வைத்துப் படியுங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் அந்தக் காட்சியைத் திருப்பி எழுத வேண்டும்.

ஒரே எச்சரிக்கை, திடீரென்று மந்திரத்துக்கு விலை வைத்தால் பழைய வாசகர் கோபப்படுவார். முதல் பாகத்திலும் அந்த விலையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று காட்டுங்கள்.