பத்து நிமிசத்தில சரியாப் போச்சுது எண்டு விட்டிடாதேங்கோ

கேள்வி: டொக்டர், நாங்கள் கோண்டாவில். அண்ணாக்கு 37 வயசு, ஓட்டோ ஓடுறவர், சிகரட் பத்துவார். நேற்று விடிய பல்லு விளக்கேக்க வலக்கையில இருந்து பிரஷ் விழுந்திட்டுது, கதைக்க நாக்கு குழறினது, பத்து நிமிசத்தில எல்லாம் சரி. நித்திரை காணாததாம் எண்டு சொல்லுறார். பார்மசியில பிறசர் பாத்தா 160/100. இந்த வயசில பாரிசவாதம் வருமோ? அம்மாவின்ர பிறசர் குளிசையில பாதி குடுக்கலாமோ?

பதில்: தங்கச்சி, இதை வாசிச்ச உடன அண்ணாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். நீங்க எழுதினதை வாசிக்க மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டுப் பிறகு திறந்த மாதிரித்தான் இருக்கு. நித்திரை இல்லாட்டி உடம்பு முழுக்கச் சோரும், ஒரு பக்கக் கையும் பேச்சும் மட்டும் போகாது. இப்பிடி வந்து போனாக்களை மருந்தில்லாம விட்டா 100 பேரில 10 பேருக்கு மேல மூண்டு மாதத்துக்குள்ள முழுப் பாரிசவாதம் வரும், அதில பாதிக்குக் கிட்ட முதல் 2 நாளிலதான். அதாலதான் இவ்வளவு அவசரப்படுத்துறன்.

வயசைப் பற்றிக் கேட்டியள். வரும் பிள்ளை, முப்பதிலயும் வரும். பெரும்பாலும் பிறசர், சீனி, கொலஸ்ட்ரோல், சிகரட், குடிதான் காரணம், ஆனா வருத்தம் ஒண்டும் காட்டாததால இளம் ஆக்கள் பிறசர் பாக்கிறதே இல்லை, உங்கட அண்ணா மாதிரி ஏதும் நடந்தாப் பிறகுதான் பாக்கினம். சிகரட்டை விட்டிட்டுப் புகையிலை சப்பினாப் பரவாயில்லை எண்டு நினைக்கிறதும் பிழை. இளம் வயசில வேற காரணங்களும் தேடோணும். சின்னனில மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகி அங்கயிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போறது, சலூனில தலைமயிர் வெட்டிப்போட்டுக் கழுத்தை "டக்" எண்டு திருப்பி விடேக்க ரத்தக்குழாயின்ர உள்சுவர் கிழியிறது (தயவுசெய்து அதைச் செய்ய விடாதேங்கோ), பொம்பிளையளில பிள்ளை பெத்த முதல் ஆறு கிழமை, கண்ணில மின்னல் மாதிரித் தெரிஞ்சு வாற ஒற்றைத் தலையிடியோட கர்ப்பத்தடைக் குளிசை போடுறது, இப்பிடிக் கனக்க இருக்கு.

திரும்ப முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கையைத் தூக்க ஏலாட்டியோ, பேச்சு குழறினாலோ 1990க்கு அடியுங்கோ, காசில்லாம அம்புலன்ஸ் வரும். தண்ணி, தேத்தண்ணி ஒண்டும் பருக்காதேங்கோ, புரைக்கேறும். விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில சுத்துறது சுத்தப் பொய், அதில நேரம்தான் போகும். கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவா 4½ மணித்தியாலத்துக்குள்ள போடோணும், அந்தக் கணக்கு ஆளைக் கடைசியா நல்லாக் கண்ட நேரத்தில இருந்துதான், அதால அந்த நேரத்தைக் குறிச்சுக்கொண்டு போங்கோ.

அம்மாவின்ர குளிசை பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். இந்த நேரத்தில பிறசரைச் சடாரெண்டு இறக்கினா மூளைக்குப் போற ரத்தம் இன்னும் குறைஞ்சிடும். அஸ்பிரினும் நீங்களாக் குடுக்காதேங்கோ, ஸ்கான் பண்ணினாத்தான் அடைப்போ கசிவோ எண்டு தெரியும், கசிவெண்டா அஸ்பிரின் அதைக் கூட்டிப்போடும். போகேக்க அவர் போடுற மருந்து ஏதும் இருந்தா எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்கோ, ஓட்டோவை வேற ஆரும் ஓடட்டும், டொக்டர்மார் சொல்லுமட்டும் அவர் ஹாண்டிலைப் பிடிக்கக்கூடாது.