கறுப்புத் திரையும் கண்ணோர மின்னலும்

கேள்வி: வயது 34. மைனஸ் 7 கண்ணாடி. கல்முனையில் ஒரு கொம்பனியின் சேர்வர்களைப் பார்க்கிறேன். நாள் முழுக்கக் கட்டளைகளை அடிக்கும் கறுப்பு கொமாண்ட் புரொம்ப்ட் விண்டோவில் பொடி எழுத்து. பின்னேரமானால் கண் எரிகிறது, தலை இடிக்கிறது. திரையின் நீல ஒளி விழித்திரையை எரித்துவிடும் என்று இணையத்தில் வாசித்தேன். ஒரு கிழமையாக வலக்கண் ஓரத்தில் மின்னல்போல வெட்டுகிறது. பாமசியில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறேன். பார்வை போய்விடுமா?

பதில்: தம்பி, திரையைப் பார்த்துப் பார்வை போகாது. நண்பகலில் கல்லடிப் பாலத்தில் நடந்தால் உங்கள் திரை தருவதைவிடப் பல மடங்கு நீல ஒளி கண்ணில் படும். அதைத் தடுக்கும் கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பும் சொல்லிவிட்டது. காசை வீணாக்காதீர்கள்.

அந்த மின்னலைத்தான் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் பார்ப்பது அதை. மைனஸ் 7 என்றால் விழி நீண்டு, விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். உள்ளே இருக்கும் கூழ் சுருங்கி அதை இழுக்கும்போது, வெளிச்சமே இல்லாமல் மின்னல் தெரியும். பலருக்கு அது தீங்கில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கு விழித்திரை கிழியும். கிழிசலோடு நின்றால் லேசரால் சுற்றி ஒட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். விழித்திரை கழன்றுவிட்டால் சத்திரசிகிச்சைதான். நடுப்பகுதியும் கழன்றால் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். வலி துளியும் இருக்காது, அதனால்தான் ஆட்கள் நாட்களைக் கடத்துகிறார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். கரித்தூள் சிதறியதுபோலப் புள்ளிகளோ, ஒரு பக்கமிருந்து திரைச்சீலைபோல நிழலோ தெரிந்தால், நடுச்சாமம் என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நாளைக் காலையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் பிரிவில் இருக்க வேண்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள். சில மணி நேரம் மங்கலாகவே இருக்கும், மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டாதீர்கள்.

அந்தச் சொட்டு மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஸ்டெரொயிட் இருந்தால் கண் சிவப்பு சீக்கிரம் மறையும், கிழமைக் கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம். யாரும் எழுதித் தராத மருந்தைக் கண்ணுக்குள் விட எப்படித்தான் மனம் வருகிறதோ!

எரிவுக்குக் காரணம் சாதாரணமானது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், கண் காயும். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் ஃபானையும் முகத்துக்கு நேரே வைத்தால் இன்னும் மோசம். ஃபானைத் திருப்பிவிடுங்கள், அடிக்கடி இமையை முழுதாக மூடித் திறவுங்கள்.

பொடி எழுத்தை ஏன் சகித்துக்கொண்டிருக்கிறீர்கள்? விண்டோவின் மேல் பட்டையில் வலது கிளிக் செய்து ‘புரொப்பர்ட்டீஸ்’ போய், ‘ஃபொன்ட்’ பகுதியில் அளவை 24 ஆக்குங்கள். அவசரத்துக்கு கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சில்லை உருட்டினாலே எழுத்து பெரிதாகும். உங்கள் கண்ணாடியில் சிலிண்டர் பவரும் (கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர்) இருந்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓரம் கசிந்து தெரியும். இருட்டுக்குக் கண்மணி விரிவதால் வருவது அது. அப்படியானால் ‘கலர்ஸ்’ பகுதியில் பின்னணியை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குங்கள். ‘டிஃபோல்ட்ஸ்’ வழியாகப் போய் மாற்றினால் இனித் திறக்கும் விண்டோக்களும் அப்படியே வரும்.