கட்டிலுக்கு அடியில் ஒரு ஷண்டிங் யார்டு

மாடல் ரயில்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு அறை வாடகை வீடு. எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) இன்ஜின் ஒன்றும் சில வேகன்களும் இருக்கின்றன. வட்டப்பாதை போட இடமில்லை. ஓட்டி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும்படி ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், திருச்சி

வட்டப்பாதை வேண்டாம். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 438 மி.மீ. ஆரமுள்ள வளைவு போட்டாலே பலகை ஒரு மீட்டர் அகலம் கேட்கும். சுற்றிச் சுற்றி வரும் ரயிலைப் பத்து நிமிஷத்துக்கு மேல் வீட்டில் யாரும் பார்ப்பதுமில்லை.

உங்களுக்குப் பொருத்தம் ஷண்டிங், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி வரிசை மாற்றுவது. இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கிள்நூக் சைடிங்ஸ்' அமைப்புக்கு இரண்டே பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை) போதும். நீளமான சைடிங்கில் 5 வேகன், மற்ற இரண்டிலும் தலா 3 வேகன் நிற்க வேண்டும். பாயிண்டுக்கு முன்னால் வேகன்களை இழுத்து நிறுத்தும் பாதைதான் ஷண்டிங் நெக். அதில் இன்ஜினும் 3 வேகனும் பிடிக்க வேண்டும். மொத்தம் 8 வேகன். எட்டுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தும் நீள சைடிங்கில் கோத்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 8×7×6×5×4 என்று பெருக்கினால் 6,720 வரிசைகள்.

இடம் மிச்சமிருக்கிறதே என்று ஷண்டிங் நெக்கை நீட்டிவிடாதீர்கள். நான்காவது வேகன் அங்கே ஏறினால் புதிரே போய்விடும்.

இங்கிள்நூக்குக்கான 1200 × 300 மி.மீ. பலகையை 600, 600 ஆக இரண்டாகப் பிரிக்கிறேன். பாயிண்ட்களை எங்கே வைப்பது?
– வாசகர், சேலம்

நல்லவேளை, அறுப்பதற்கு முன்னால் கேட்டீர்கள். பாயிண்ட் எதுவும் பலகை இணைப்பின் மேல் வரக்கூடாது. டங் ரெயிலையோ (நகரும் கூர்முனை ரெயில்) கிராசிங்கையோ (இரு பாதைகளின் ரெயில்கள் குறுக்கிடும் இடம்) அறுத்தால் அந்தப் பாயிண்ட் அதோடு சரி.

பீக்கோ நிறுவனத்தின் சிறு ஆரப் பாயிண்ட் 185 மி.மீ. நீளம். நான்கு சக்கர வேகன் கப்ளிங்கோடு (இணைப்புக் கொக்கி) 85, சின்ன ஷண்டர் (ஷண்டிங் இன்ஜின்) 130 என்று வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் டெட் எண்டுக்கு (பாதை முடியும் இடம்) 10 மி.மீ. விட்டால், ஷண்டிங் நெக் (130 + 3×85 = 385) 395-இல் முடியும். முதல் பாயிண்ட் 395 முதல் 580 வரை. இரண்டையும் ஒட்டி வைத்தால் இரண்டாவது பாயிண்ட் சரியாக 600-இன் மேல் உட்கார்ந்துவிடும். அதனால் நடுவில் 45 மி.மீ. நேர்த்துண்டு போட்டு, இரண்டாவதை 625-இல் தொடங்குங்கள், 810-இல் முடியும். அதை முதல் பாயிண்டின் கிளைப் பக்கத்தில் வையுங்கள். நேர்ப்பாதையில் வைத்தால் 5 வேகன் சைடிங்குக்கு நீளம் பற்றாது.

பாயிண்ட் முடிந்த இடத்திலேயே வேகனை நிறுத்த முடியாது. பக்கத்துப் பாதையில் போகும் வண்டி உரசும். ஃபவுலிங் மார்க்குக்காக (உரசாமல் நிறுத்தக்கூடிய எல்லை) இன்னும் 80 மி.மீ. விடுங்கள். ஆகக் குட்டை சைடிங்குகள் 890 முதல் 1145 வரையிலும், நீள சைடிங் 660 முதல் 1085 வரையிலும் வரும். பாதை முனையில் வண்டியைத் தடுக்கும் பஃபர் ஸ்டாப்புக்கும் இடமிருக்கிறது.

எனக்கு நம் ஊர் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினும் பாக்ஸ்-என் சரக்கு வேகன்களும்தான் வேண்டும். இதே பலகையில் முடியுமா?
– வாசகர், ஈரோடு

முடியாது. பாக்ஸ்-என் நிஜத்தில் 10.713 மீட்டர், 87-ஆல் வகுத்தால் 123 மி.மீ. இன்ஜின் 17.12 மீட்டர், அதாவது 197 மி.மீ. ஷண்டிங் நெக்குக்கே 566 மி.மீ. போய்விடும். மேலே சொன்ன கணக்கையே போட்டால் நீளம் ஒன்றரை மீட்டரைத் தொடும். 750, 750 என்று பிரிக்காதீர்கள். இணைப்பு முதல் பாயிண்டின் கிராசிங் பக்கம் விழும். இரண்டும் 790 இருக்கட்டும். முகத்தோடு முகம் சேர்த்து, இரு முனையிலும் பிளைவுட் தகடு போல்ட் செய்து பெட்டியாகத் தூக்குவதற்கு இரண்டும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும்.

இணைப்பில் வண்டி தடம் புரள்கிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகவில்லை.
– வாசகர், மதுரை

போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். 6 மி.மீ. போல்ட் 6.5 மி.மீ. துளையில் அரை மி.மீ. ஆடும், தண்டவாளத்துக்கு அந்த அரை மி.மீ. பெரிய விலகல். நேர்ப்படுத்துவதற்கு ஒரு பக்கம் முளை, மறுபக்கம் குழி என்று ஜோடியாக வரும் உலோக டோவல் இரண்டு பதியுங்கள். மர டோவல் நாளடைவில் தேய்ந்து தளரும்.

இனி தண்டவாளம். பலகைகளை இணைத்து இறுக்கிய பிறகு, தண்டவாளத்தை இணைப்பின் மேல் ஒரே துண்டாகப் போடுங்கள். ஓரத்தை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் உருகும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, ஒவ்வொரு ரெயிலுக்கும் நேர் கீழே ஒரு பித்தளை ஸ்குரூ. அதன் தலை ரெயிலின் அடியை லேசாகத் தொடும் வரை இறக்குங்கள். கூடுதலாக நின்றால் ரெயில் மேடு தட்டும். இரண்டு பாதைகள் கடப்பதால் மொத்தம் 8 ஸ்குரூ. ரெயிலையும் தலையையும் உப்புத்தாளால் தேய்த்து, ரோசின் ஃப்ளக்ஸோடு (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பொருள்) சால்டர் செய்யுங்கள். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், பின்னால் அரிக்கும். ஈயம் ஆறிய பிறகுதான் மெல்லிய ரம்பத்தால் இணைப்பின் மேல் அறுக்க வேண்டும். முதலிலேயே அறுத்துவிட்டுப் பொருத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வருகிறது.

பாயிண்ட் மேல் சின்ன இன்ஜின் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் ஓடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

கிராசிங் பிளாஸ்டிக்காக இருக்கும், அங்கே மின்சாரம் கிடையாது. நான்கு சக்கர இன்ஜினின் ஒரு ஜோடி சக்கரம் அதன் மேல் இருக்கும்போது மறு ஜோடியின் அடியில் துளி அழுக்கு இருந்தாலும் நின்றுவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சேரும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் உலோகக் கிராசிங் உள்ள பாயிண்ட் வாங்கி, டங் ரெயிலோடு சேர்ந்து நகரும் மைக்ரோ சுவிட்சால் கிராசிங்கின் மின்முனையை மாற்றுங்கள். பாயிண்டைத் திருப்பியதும் ஷார்ட் ஆனால், சுவிட்சின் இரு ஓர ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும்.

கப்ளிங்கைக் கழற்ற தண்டவாளத்தின் நடுவே காந்தம் பதித்தேன். இப்போது வேகன் தானாகவே நகர்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

அச்சு இரும்பு, காந்தம் இழுக்கிறது. பித்தளை அச்சு மாற்றலாம். அல்லது காந்தத்தையே எடுத்துவிட்டு, ஊதுபத்திக் குச்சியின் முனையைக் கூராக்கி நக்கிள் (மடக்கிய விரல் வடிவ) கப்ளிங்கின் நடுவே விட்டுத் திருகுங்கள், கழன்றுவிடும். வேகன் எடையையும் பாருங்கள். எச்.ஓ.வுக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி 85 மி.மீ. வேகன் சுமார் 75 கிராம் இருக்க வேண்டும். அதைவிட லேசாக இருந்தால், ஷண்டிங்கில் பின்னால் தள்ளும்போது பாயிண்டில் ஏறி இறங்கும்.